வாசகர் கேள்வி – பதில்: வேற்றினத்தாரோடு ஒப்புரவாகுதல்

கேள்வி: எங்கள் சபையும் வேற்றினத்தார் கூடிவரும் அண்டைச் சபை ஒன்றும் இணைந்து ஊழியம் செய்யத் தீர்மானித்திருக்கிறோம். முதற்படியாக, அவரவர் உணவு, உடை, பாடல் ஆகியவற்றை அறிமுகப்படுத்தும் பண்பாட்டு விழா ஒன்றை நடத்த எண்ணியுள்ளோம். இன ஒப்புரவுக்கு இது உதவுமா?

பதில்: விழாவைத் தாராளமாக நடத்துங்கள். ஆனால் அதை முதற்படி என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒரு மாலைப்பொழுது விருந்தில் சந்திப்பவர்கள் ஒருவருக்கொருவர் நல்ல முகத்தையே காட்டுவார்கள். மனத்தாங்கல் உள்ளவர் அன்றைக்கு வாய் திறக்க மாட்டார். ஓர் இனத்தாரை அறிய விரும்புகிறவர், அவர்கள் எப்படிப் பாடுகிறார்கள் என்பதோடு, சபையின் பெயராலேயே அவர்கள் எங்கெங்கே ஒதுக்கி நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் அறிந்தாக வேண்டும்.

அமெரிக்கப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர், ஹூஸ்டன் நகரில் சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளையர் நடத்திய வேதாகமப் பள்ளியில் பயில விரும்பியபோது, இனப்பிரிவினை வழக்கத்தின் காரணமாக அவருக்கு வகுப்பறைக்குள் இடம் தரப்படவில்லை. வெளியே நடைவழியில் அமர்ந்து, திறந்திருந்த கதவின் வழியாகவே அவர் பாடம் கேட்டார். அதே சீமோர் 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெருவில் நடத்திய கூட்டங்களில் கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிக்கரும் அருகருகே முழங்காற்படியிட்டார்கள். அந்த எழுப்புதலைப் பார்க்க வந்த பார்ஹாமுக்கோ, இனங்கள் அப்படிக் கலந்து நின்றதே பொறுக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் இயக்கம் பெரும்பாலும் நிறவாரியாகப் பிரிந்தது. 1948-இல் பெந்தெகொஸ்தே சபைகளுக்கென அமைந்த வட அமெரிக்கக் கூட்டமைப்பில் வெள்ளையர் சபைகள் மட்டுமே இடம்பெற்றன.

1994-இல் மெம்பிஸ் நகரில் அந்தக் கூட்டமைப்பு கலைக்கப்பட்டது. அங்கே வெள்ளைப் போதகர் ஒருவர் கறுப்பினப் பேராயர் ஒருவரின் கால்களைக் கண்ணீரோடு கழுவினார். பிரசங்கங்களில் இந்தக் காட்சியைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பழைய அமைப்பு சீர்செய்யப்படாமல் அடியோடு கலைக்கப்பட்டதும், அதனிடத்தில் உருவான புதிய அமைப்பின் முதல் தலைவராக அந்தப் பேராயரே பொறுப்பேற்றதும்தான். கண்ணீர் உண்மையானதா என்பதை அதன் பிறகு எடுக்கும் தீர்மானங்களைக் கொண்டுதான் அறிய முடியும்.

எருசலேமின் ஆதித் திருச்சபையும் இதைத்தான் செய்தது. அன்றாட விசாரணையில், அதாவது தேவையுள்ளோருக்கு நாள்தோறும் உணவு பகிர்ந்தளிப்பதில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தபோது (இரு தரப்பாரும் யூதரே; மொழியும் பழக்கமும்தான் வேறு), சபையார் ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழுமே கிரேக்கப் பெயர்கள். பெயரை வைத்து மட்டும் ஒருவரின் பின்னணியை அறுதியிட முடியாதுதான். ஆயினும் முறையிட்ட தரப்பாரின் கையிலேயே பந்தி விசாரணை ஒப்படைக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆகவே விழாவுக்கு நாள் குறிப்பதற்கு முன் உங்கள் குழுவினர் சில மாதங்கள் அந்தச் சபையின் ஆராதனைக்குச் சென்று, மேடையும் மரியாதையும் எதிர்பாராமல், கடைசி வரிசையில் அமரட்டும். அங்குள்ள மூத்தவர்களிடம் அவர்கள் சபை ஏன் தனியாகத் தொடங்கியது என்று கேட்டு, குறுக்கிடாமல் செவிகொடுக்கட்டும். இணைந்து நடத்தவிருக்கும் ஊழியத்தின் கணக்கு யார் கையில் இருக்கும், பிரசங்கிப்பவரை யார் முடிவு செய்வார், கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல் நிற்கும் என்பவற்றையும் இப்போதே பேசிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் உங்கள் சபையே பொறுப்பென்றால், மற்றவர்கள் உங்கள் ஊழியத்தில் விருந்தாளிகளாகத்தான் இருப்பார்கள்.

கேள்வி: கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லையே! பழைய இனப் பிரச்சினைகளைச் சபையில் எதற்காகக் கிளற வேண்டும்?

பதில்: அந்த வசனம் உள்ள கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடத்திலிருந்து யூதர் சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார். பழையதைக் கிளறுவது தவறென்று பவுல் நினைத்திருந்தால், நடந்து முடிந்த அந்தச் சம்பவத்தை நிருபத்தில் எழுதியிருக்கவே மாட்டார்.

ஒருமைப்பாட்டை வாயளவில் ஒப்புக்கொண்டுவிட்டு நடைமுறையில் விலக்கு அளித்தால் என்ன நேரும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. அங்கே கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபை 1857-இல் கூடிய பேரவையில், எல்லா விசுவாசிகளும் ஒரே சபையாகக் கூடுவதே வேதத்துக்கு உகந்தது என்று அறிக்கையிட்டது. ஆனால் 'சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்' தனித்தனியே கூடலாம் என்றும் அனுமதித்தது. பலவீனருக்கென்று தரப்பட்ட சலுகை காலப்போக்கில் விதியாயிற்று. 1881-இல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையே அமைக்கப்பட்டது. பிற்பாடு இனஒதுக்கல் அரசியலுக்கு வேத ஆதாரம் தேடிக் கொடுக்கவும் இறையியலாளர்கள் முன்வந்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட சபைதான் 1982-இல் பெல்ஹார் விசுவாச அறிக்கையை வரைந்து, 1986-இல் ஏற்றுக்கொண்டது. சபையின் ஒருமைப்பாடு கண்ணால் காணும்படி இருக்க வேண்டும் என்பதும், ஒப்புரவும் நீதியும் பிரிக்க முடியாதவை என்பதும் அதன் சாரம். மேலும், வெளிப்படுத்தின விசேஷத்தில் சிங்காசனத்துக்கு முன்பாக நிற்கும் திரள்கூட்டத்தில் ஜாதிகளும் (அதாவது தேசத்தாரும்) கோத்திரங்களும் பாஷைகளும் அழிந்துவிடவில்லை. யோவானால் அவற்றை இனங்காண முடிகிறது.

கேள்வி: தவறாக எதையாவது பேசிவிடுவேனோ என்ற பயத்தில், வேற்றினத்துச் சகோதரர்களிடம் நான் நெருங்கிப் பேசுவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் பேசாமல் இருப்பதை அவர்கள் பயம் என்று எண்ணமாட்டார்கள், அலட்சியம் என்றே எண்ணக்கூடும். அவர்கள் இனத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் அவர்களுடைய பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். தவறிப் பேசி யாராவது திருத்தினால், உங்கள் உள்நோக்கத்தை நீட்டி விளக்காமல், மன்னிப்புக் கேட்டு நன்றி சொல்லி மேலே பேசுங்கள். பழகிய ஒரே நண்பரை அவருடைய இனம் முழுவதற்கும் பதில் சொல்லும்படி வைத்துவிடாதீர்கள். அந்தச் சுமை அவருக்குச் சலித்துப்போயிருக்கும்.