பகுதிநேரமாகச் செய்யும் ஆபீஸ் கிளீனிங் வேலையை நம்பி, மாதச் சம்பள வேலையை விடலாமா?

ஐந்து பேரை வைத்து இரண்டு ஆபீஸ்களுக்கு கிளீனிங் செய்து கொடுக்கிறேன், மாதம் 25 ஆயிரம் மிஞ்சுகிறது, வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் ஐந்து வருடம் கிடந்தவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இறங்கலாம். ஆனால் இருபதாவது ஆளைச் சேர்ப்பதற்கு முன் ரேட்டைத் திருத்திவிட்டு இறங்குங்கள்.

எனக்குக் கோவை. ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். 2018இல் சரவணம்பட்டிப் பக்கம் புதிதாக வரும் ஒரு ஆபீஸில், கட்டட வேலை முடிந்த பின் சுத்தம் செய்து தர ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் சொன்னார். நான், மச்சான், அவன் தெருவில் இருந்த இரண்டு அக்காக்கள், நான்கு பேர் போனோம். டைல்ஸ் முழுக்க சிமெண்ட் துளி, பெயிண்ட் துளி. காய்ந்தபடியே பிளேடு போட்டால் டைல்ஸில் கீறல் விழும். ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். செல்போன் டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்துப் பார்த்தால்தான் மிச்சமிருக்கும் துளி தெரியும். அப்படி இரவு இரண்டு மணிவரை பார்த்துப் பார்த்து எடுத்தோம். மறுநாள் வந்து பார்த்த மேனேஜர் மாத கான்ட்ராக்டே கொடுத்துவிட்டார்.

2020 ஊரடங்கில் ஆபீஸ்கள் மூடியபோது எல்லா பில்லும் நின்றது. அன்று என் வேலைச் சம்பளம் இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. 'ரிஸ்க் எடுக்காமல் முன்னேற முடியாது' என்று யாராவது இங்கே எழுத வருவீர்கள். எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியவன் நான்.

2022 தொடக்கத்தில் என்னிடம் 16 பேர். அப்போது ஒரு பெரிய இடத்தில் எட்டுப் பேர் கேட்டார்கள். ஒரு ஆளுக்கு மாதம் 14,500 என்று என் பழைய ரேட்டையே கொடுத்தேன். சந்தோஷத்தில் அன்று வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிப் போனேன்.

கணக்கைப் பாருங்கள். ஒருவருக்குச் சம்பளம் 12,000. பத்துப் பேரைத் தொட்டாலே இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, வரும். நம் பங்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். ஆக 12,390. ஒரு ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் நிற்கிறது, நல்ல லாபம்தானே? இருபதைத் தொட்டதும் பிஎஃப் கட்டாயம். நிர்வாகக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து நம் கையிலிருந்து 13 சதவீதம், 1,560 ரூபாய். போனஸ் சட்டமும் அதே இருபதில்தான் வருகிறது. குறைந்தது 8.33 சதவீதம், மாதம் ஆயிரம் ஒதுக்க வேண்டும். மொத்தம் 14,950. யூனிஃபார்ம், மாப், கெமிக்கல் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. ஒருவர் வராத நாளில் அனுப்பும் ரிலீவர் கூலியும் வரவில்லை. ஆளுக்கு 450 ரூபாய் நஷ்டத்தில் 24 பேரை வைத்துக்கொண்டு, தொழில் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய இடத்தில் பில்லோடு பிஎஃப் சலான், அதாவது பிஎஃப் கட்டிய ரசீது, கேட்டபோதுதான் ஆடிட்டரிடம் ஓடினேன். ஆறு மாதம் என் சம்பளத்தை இதில்தான் கொட்டினேன்.

ஜிஎஸ்டியும் இடையில் வந்துவிடும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். என் ரேட்டுக்குப் பன்னிரண்டு பேரிலேயே தாண்டிவிட்டது. பில் போட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் 18 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். ஆட்களுக்கோ 7ஆம் தேதிக்குள் சம்பளம். பார்ட்டி பணம் தருவது அறுபது நாள் கழித்து. இந்த இடைவெளிக்காக, ஓடிக்கொண்டிருந்த ஏலச்சீட்டைப் பாதியில் தள்ளி எடுத்தேன். அப்புறம்தான் உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவைச் செய்தேன். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரலிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால் அந்தச் செலவை அவர்கள் பணம் தருகிற வருடத்து வருமான வரிக் கணக்கில்தான் கழிக்க முடியும் என்றும் வந்துவிட்டது. பில்லிலேயே உத்யம் எண்ணைப் போட்டு அனுப்புகிறேன். முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது.

ரேட்டை ஏற்றினால் ஆர்டர் போய்விடும் என்பீர்கள். எனக்கும் இரண்டு இடம் போயின. பிஎஃப் கட்டாமல் ஆளைக் குறைத்துக் காட்டிச் செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முட்டி தேயக் குனிந்து துடைக்கிற அக்காவுக்கு வரவேண்டிய பிஎஃப் பணம் அது. அதை மிச்சம் பிடித்துத்தான் ஆர்டர் வாங்க வேண்டும் என்றால் எனக்கு அந்த ஆர்டர் வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். போன வருடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் வரிசையில் என் தம்பி பெயருக்குப் பக்கத்தில் படிப்பும் கம்பெனியும். என் பெயர் மட்டும் மொட்டையாக இருந்தது. கேட்டதற்கு, "என்னன்னு போடறதுன்னு தெரியல மாப்பிள்ளை" என்றார்கள். நாற்பது குடும்பத்துக்கு மாதாமாதம் சம்பளம் போடுகிறேன், அதைப் போட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. என் மகள் அந்தப் பத்திரிகையை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் 25 ஆயிரத்தில், நீங்களே மாப் பிடிக்கும் நாட்களின் கூலியைக் கழித்துப் பாருங்கள். உங்கள் இடத்தில் ஒரு சூப்பர்வைசரைப் போட்டால் எவ்வளவு மிஞ்சும்? அதுதான் தொழில் தருகிற பணம், மற்றது உங்கள் உடம்பு தருவது. ஆட்களின் இரண்டு மாதச் சம்பளப் பணத்தைத் தனி அக்கவுண்டில் போட்டு, அதைத் தொடாமல் ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

நான் 2023 மே மாதம் பத்து நாள் எந்த சைட்டுக்கும் போகாமல் இருந்து பார்த்தேன். காலை ஐந்தரைக்கு "அண்ணா, ரெண்டு பேர் வரலைங்க" என்று வழக்கமாக எனக்கு வரும் போன் சூப்பர்வைசருக்குப் போனது. அவரே ரிலீவரை அனுப்பினார். ஜூனில் ராஜினாமா கொடுத்தேன்.