அமெரிக்காவில் இரண்டு வருடம் புவிச்சரிதவியல் படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். மகள் கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதினாள். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் சி, இணைந்த கணிதத்துக்கு எஸ். கலிபோர்னியாவில் இருக்கும் அவளுடைய சித்தப்பா, "இங்கே கொமியூனிற்றி கொலிஜில் இரண்டு வருடம் ஜியாலஜி (புவிச்சரிதவியல்) படிக்கட்டும், முடித்த கையோடு வேலை" என்கிறார். மகளுக்கும் கல், மண் என்றால் சின்னனிலிருந்தே விருப்பம். ஆனால் காணியை விற்றால்தான் அனுப்ப முடியும். அனுப்பலாமா? இங்கேயே படிக்க வழி இருக்கிறதா? பெண்பிள்ளைக்கு இந்த வேலை சரிவருமா?

பதில்: காணிப் பேச்சைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. படிப்பு நல்ல படிப்பு, அந்தக் கல்லூரிகளும் மோசமில்லை. "இரண்டு வருடத்தில் வேலை" என்ற இடத்தில்தான் கணக்கு இடிக்கிறது. அவர் அங்கே வதிவிட உரிமையோடு வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறார். உங்கள் மகள் போகப்போவது மாணவர் விசாவில். வகுப்பு ஒன்றுதான், கட்டணமும் சட்டமும் வேறு.

கொமியூனிற்றி கொலிஜில் சேர்வது கடினமில்லை. ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும், முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஏறத்தாழ 60 அலகு (கிரெடிட்) முடித்தால் அசோசியேட் பட்டம் தருவார்கள். அதோடு ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறி, மொத்தம் 120 அலகளவில் இளமாணிப் பட்டத்தை முடிக்கலாம். புவிச்சரிதவியலாளர் என்று ஒருவரை வேலைக்கு எடுப்பது இந்தப் பட்டத்துக்குப் பிறகுதான். ஆகவே இதை இரண்டு வருடப் படிப்பு என்று எண்ணி இறங்க வேண்டாம். நாலு வருடப் படிப்பின் முதல் பாதி என்று எண்ணுங்கள், காசையும் அப்படியே கணக்குப் பாருங்கள்.

அந்த முதல் பாதியில் கல்லும் மண்ணும் கொஞ்சம்தான். பௌதிகப் புவிச்சரிதவியல் என்று ஒரு பாடம், பூமியின் வரலாறு என்று ஒரு பாடம், சில கல்லூரிகளில் கனியவியல். மிச்சமெல்லாம் நுண்கணிதம், இரசாயனவியல், பௌதிகவியல், ஆங்கிலம். கல் பொறுக்குகிற ஆசையோடு சேர்ந்து நுண்கணிதத்தில் தடக்கி விலகிப்போகிறவர்கள் அங்கே நிறையப் பேர். உங்கள் மகளுக்கு அந்தப் பயம் குறைவு. எஸ் என்று குறைத்து மதிக்காதீர்கள், வகையிடலும் தொகையிடலும் அவள் ஏற்கெனவே செய்து பார்த்த கணக்குகள்தான்.

ஆய்வுகூட வகுப்பு எப்படியிருக்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைக் கல் இரண்டு எடுங்கள், ஒன்று குவார்ட்ஸ், மற்றது கல்சைற். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணாடித் துண்டில் உரசினால் குவார்ட்ஸ் கோடு கீறும், கல்சைற் கீறாது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, கல்சைற் 3. ஐதான ஹைதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் கல்சைற் நுரைத்துப் பொங்கும், குவார்ட்ஸ் அசையாது. முதல் பருவம் முழுக்க இப்படித்தான்: தட்டு நிறையக் கற்கள், கைவில்லை ஒன்று, சமவுயரக் கோட்டுப் படங்கள், இடையில் சனிக்கிழமைகளில் வெளிக்களப் பயணம். இதில் மணிக்கணக்காக அலுக்காமல் இருப்பாளா என்று அவளிடமே கேளுங்கள். சின்ன வயது விருப்பத்தைவிட அந்தப் பதில் முக்கியம்.

இனிக் காசு. கலிபோர்னியாவில் அந்த மாநிலவாசிக்கு ஓர் அலகுக்கு 46 டொலர், 60 அலகுக்கு 2,760 டொலர். சித்தப்பாவின் மனதில் இருப்பது அந்தத் தொகையாக இருக்கும். வெளிநாட்டு மாணவருக்குப் பல கல்லூரிகளில் ஓர் அலகே 300 டொலருக்கு மேல். அதன்படி கட்டணம் மட்டும் 18,000 டொலரைத் தாண்டும். சாப்பாடு, காப்புறுதி, புத்தகம் எல்லாம் அதற்கு மேலே. மூன்றாம், நாலாம் வருடப் பல்கலைக்கழகக் கட்டணம் இதைவிடக் கூடுதல், சில இடங்களில் பலமடங்கு. சித்தப்பா வீட்டில் தங்கினால் வாடகை மிஞ்சும், அது பெரிய உதவிதான். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் பொதுவாக வெளியாள் கட்டணம்தான். படிக்கும்போது கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். கடை, பெற்றோல் நிலையம் என்று வெளியே கைக்காசுக்கு வேலை செய்து பிடிபட்டால் விசாவே போய்விடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. படித்து முடித்தபின் வேலை செய்ய மாணவர் விசாவில் 12 மாத அனுமதி உண்டு. விஞ்ஞான, தொழினுட்பத் துறைகளில் அதன்மேல் இன்னும் 24 மாதம் நீடிக்கலாம். அந்த நீடிப்பு இளமாணியோ அதற்கு மேலோ முடித்தவர்களுக்குத்தான், அசோசியேட் பட்டத்துக்கு இல்லை. இரண்டு வருடத்தோடு நிறுத்தினால் ஒரு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பி வரவேண்டும். அந்த ஒரு வருடச் சம்பளம் விற்ற காணியை மீட்டுத் தராது.

அசோசியேட் பட்டத்தோடு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால், தொழினுட்ப உதவியாளர் வேலை. பழைய பெற்றோல் நிலையங்களின் நிலத்தடித் தாங்கி கசிந்த இடங்களில் கண்காணிப்புக் கிணறுகளிலிருந்து நீர்மாதிரி எடுப்பது, வீதி போடும் இடத்தில் மண் சரியாக இறுகியிருக்கிறதா என்று பரிசோதிப்பது, துளையிடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிற மண்ணையும் கல்லையும் ஆழவாரியாகப் பதிவது. மரியாதையான வேலைதான், மணித்தியாலக் கூலி. இளமாணி இருந்தால் அதே நிறுவனத்தில் அறிக்கை எழுதுகிறவராகலாம். நிலத்தடி நீர் நிபுணர், எண்ணெய், கனியத் தேடல் என்று பெரிய சம்பளம் பேசுகிற இடங்களுக்குப் பெரும்பாலும் முதுமாணி கேட்பார்கள். எண்ணெய்க் கம்பனிச் சம்பளத்தைப் பற்றி உறவினர்கள் சொல்வதைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். 2014இல் எண்ணெய் விலை விழத் தொடங்கியபோதும் 2020இலும் அந்தத் துறையில் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக நிறுத்தினார்கள்.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? வதிவிட உரிமை இருக்கிறவர்களுக்கு மிக நல்ல வழி, காசு மிச்சம். விசாவில் போகிறவருக்கு, நாலு வருடத்துக்கும் பணம் கையிலிருந்தால் மட்டும். போவதாக முடிவெடுத்தால் கல்லூரியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "உங்களிடம் எடுக்கும் எந்தெந்தப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை ஏற்கும்?" கலிபோர்னியாவின் அரச கல்லூரிகளுக்கு இதைப் பார்க்க அசிஸ்ட் என்ற இணையத்தளமே இருக்கிறது, சித்தப்பாவைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்களில் இளமாணிக்குக் கோடைகால வெளிக்கள முகாம் கட்டாயம். ஐந்தாறு வாரம், தனிக் கட்டணம், அதையும் கணக்கில் சேருங்கள். தூதரக நேர்முகத்தில், "உங்கள் நாட்டில் இல்லாத என்ன இந்த இரண்டு வருடக் கல்லூரியில் இருக்கிறது, முடித்து வந்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். சித்தப்பா அங்கே இருக்கிறார் என்பது அதற்குப் பதிலாகாது, அதிகாரியின் சந்தேகத்தைத்தான் கூட்டும்.

இங்குள்ள வழியைப் பார்ப்போம். எனக்குக் கேட்டால் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. கணிதப் பிரிவுப் பிள்ளைகள் பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகி உள்ளே போனபிறகு அந்தப் பாடத்தை எடுக்கலாம், நன்றாகச் செய்தால் நாலு வருடச் சிறப்புப் பட்டம். மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் இருக்கிறது, அதற்குப் புள்ளி கூடுதலாக வேண்டும். ஊவா வெல்லஸ்ஸவிலும் கனிய வளம் சார்ந்த பட்டநெறி உண்டு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நாலும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பவை. மாவட்ட ஒதுக்கீட்டோடு, இப்படிப் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கும் மேலதிக 5 வீத இடங்களிலும் உங்கள் மகளுக்குப் பங்கு உண்டு. சி, சி, எஸ் கொழும்புப் பிள்ளைக்கு ஒன்றுக்கும் உதவாமல் போகலாம், முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அப்படியில்லை. அவளுடைய இசட் புள்ளியை வைத்து, பௌதிக விஞ்ஞானத்துக்கு முல்லைத்தீவின் கடந்த வருட வெட்டுப்புள்ளியை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் பாருங்கள். விண்ணப்பத்தில் தெரிவு வரிசையை ரியூசன் நண்பிகளைப் பார்த்து நிரப்பாமல், பேராதனையை மேலே போடச் சொல்லுங்கள். எட்டாவிட்டால் மூன்று தடவை வரை பரீட்சை எழுதலாம். இணைந்த கணிதத்தை எஸ்ஸிலிருந்து சிக்குக் கொண்டுவர ஒரு வருடம் செலவழிப்பது, காணியை விற்பதைவிட எவ்வளவோ மலிவு. படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆகவே எந்தப் பக்கம் போனாலும் ஆங்கிலம் வேண்டும்.

படித்துவிட்டு வந்தால் இங்கே என்ன இருக்கிறது என்பதுதான் உங்கள் மனதிலுள்ள அடுத்த கேள்வியாக இருக்கும். இலங்கையின் பழைய பாறைகளை நாலு பெரும் தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் பெயரே வன்னித் தொகுதி, உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பெயர்தான். ஐம்பத்தைந்து கோடி வருடங்களுக்கு முன் ஆழத்தில் வெந்து உருமாறிய நைஸ் பாறைகள் அவை. வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் காலடியில் கிடப்பவை அவைதான். பூநகரிக்கும் மன்னார்க் கரைக்கும் போனால் கதை மாறும், அங்கே மயோசீன் காலச் சுண்ணக்கல். கொக்கிளாய்க்கு அப்பால் புல்மோட்டையில் இல்மனைற், ரூட்டைல், சேர்க்கோன் கலந்த கனிய மணல். மன்னார்க் கடற்படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது இன்னும் உற்பத்திக்கு வரவில்லை, அதை நம்பிப் படிக்க வேண்டாம்.

வன்னியில் அன்றாட வேலை தண்ணீரில்தான் இருக்கிறது. நைஸ் பாறைக்குள் தண்ணீர் எங்கும் பரந்து கிடப்பதில்லை, மேலே சிதைந்த பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். குழாய்க்கிணறு அடிக்கும் இடத்தில் போய் நின்றால் தெரியும். துளைக்குள் இறக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் வருகிற தூளைத் தறப்பாளில் வரிசையாகக் குவித்து வைப்பார்கள். முதலில் சிவந்த மண், பிறகு மஞ்சளும் வெள்ளையுமாக உதிரும் சிதைந்த பாறை, பிறகு சாம்பல் நிறத் தூள் நீளத்துக்கு. அந்தச் சாம்பலுக்கு நடுவே திடீரென்று துருநிறம் ஏறினால், வெடிப்பு ஒன்று கிட்டத்தில் இருக்கிறது, அதற்குள் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குவியல்களைப் படித்து, இன்னும் இறக்குவதா நிறுத்துவதா என்று சொல்பவருக்குத்தான் இங்கே மதிப்பு. இப்போது பல வீடுகளில் வேப்பங்குச்சியும் தேங்காயும் பிடித்து நீரோட்டம் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தைக் கூப்பிடுகிறார்கள். நிலத்தின் மின்தடையை அளந்து இடம் குறிக்கிற முறை இருக்கிறது, அதைத் தமிழில் விளங்கப்படுத்திச் செய்து தருகிற ஆள் வேண்டும். தண்ணீர் வந்தால் போதாது, அது குடிக்கக்கூடியதா என்பதும் பாறையைப் பொறுத்தது. உலர் வலயத்தில் சில கிணறுகளில் புளோரைட்டு கூட. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதற்கு மேல் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும்.

வேலை தரும் இடங்கள் என்றால் நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மணல், கிரவல், கல்குவாரி அனுமதிகளைக் கொடுக்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். தனியாரில் குவாரிகளும் மண் பரிசோதனை நிறுவனங்களும். மலைநாட்டில் மண்சரிவு அபாய வரைபடம் போடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 2014இல் மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயன்களில் இருந்தது தமிழ்ச் சனம். எச்சரிக்கையைத் தமிழில் நேரே சொல்லக்கூடிய நிபுணரின் தேவை அங்கே எவ்வளவு என்று நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அரச வேலைக்குக் காத்திருப்பு நீளும், அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்த இடைவெளியில் மண் பரிசோதனைக் கூடங்களில் வேலை பழகி வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் உண்டு.

பெண்பிள்ளை என்பது தடையில்லை. வெயில், பற்றை, நீண்ட பயணம் எல்லாம் இருக்கும். ஆய்வுகூடமும் கணினி வரைபடமும் இதே துறையின் இன்னொரு பாதி. வெளிக்களத்துக்குப் பெரும்பாலும் தனியாக அனுப்புவதில்லை, குழுவாகத்தான் போவார்கள். வன்னியில் மட்டும் ஒரு கவனம் கூடுதலாக வேண்டும்: கண்ணிவெடி அகற்றிச் சான்று கொடுக்காத பற்றைக்குள் எந்தக் கல்லுக்காகவும் கால் வைக்கக் கூடாது.

பல்கலைக்கழக முடிவு வரும்வரை அவளைச் சும்மா இருக்க விடாதீர்கள். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருள் இலவசம், ஒரு சாதாரண மடிக்கணினி போதும். உங்கள் பிரதேசத்துக் குளங்களையும் கிணறுகளையும் அதில் குறித்துப் பழகட்டும். ஊரில் யாராவது குழாய்க்கிணறு அடித்தால் அப்பாவோடு போய் அந்தத் தூள் குவியல்களை ஆழத்தோடு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடியைப் பொலித்தீன் பையில் போட்டு வரட்டும். இசட் புள்ளி தெரிந்ததும் அதையும் வெட்டுப்புள்ளியையும் எழுதி அனுப்புங்கள், தெரிவு வரிசையை இருந்து பார்த்துச் சொல்கிறேன்.