ஓவியர் பாடசாலைக்கு வருகிறார்: விழாவா, வகுப்பா?

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய ஆரம்பப் பாடசாலையில் கற்பிக்கிறேன். தரம் 1 முதல் 5 வரை 140 பிள்ளைகள் அளவில் இருக்கிறார்கள். சிறுவர் படப்புத்தகங்களுக்குச் சித்திரம் வரையும் ஓவியர் ஒருவர், கொழும்பிலிருந்து ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் ஒரு நாள் வரச் சம்மதித்திருக்கிறார். அதிபர் சேர் இதைப் பெரிய நிகழ்ச்சியாகச் செய்ய விரும்புகிறார். அந்த ஓவியரின் புத்தகம் எங்களிடம் ஒரு பிரதிதான் உண்டு. படங்களைத் திரையில் காட்ட மல்டிமீடியா புரொஜெக்டரும் இல்லை. எப்படி ஆயத்தம் செய்வது? அவருக்கு ஏதும் கொடுக்க வேண்டுமா?
— ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர்

அன்பின் டீச்சர்,

முதலில் அதிபர் சேரின் விருப்பத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அந்த நாள் எப்படி அமையும் என்பது அதில்தான் இருக்கிறது. நம் பாடசாலைகளில் ஒரு விருந்தினர் வருகிறார் என்றால் பாண்ட் வாத்தியம், மாலை, மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை என்று ஒரு வரிசை தானாகவே வந்து நின்றுவிடும். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வந்தவரை மதிப்பது நம் வழக்கம். ஆனால் கணக்குப் பாருங்கள். இவ்வளவும் முடிய ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதற்குள் தரம் 1 பிள்ளைகள் வெயிலில் வாடி, தண்ணீர் கேட்டு, ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்கிவிடுவார்கள். ஓவியர் பென்சிலைக் கையில் எடுக்கும்போது இடைவேளை மணி அடிக்கும்.

வரவேற்பைக் காலைக் கூட்டத்தோடு பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மாலை ஒன்று, ஒரு பிள்ளையின் வரவேற்பு வார்த்தை, அதிபரின் இரண்டு நிமிடப் பேச்சு. அது போதும். கல்வி வலயத்திலிருந்தோ கோட்டத்திலிருந்தோ அதிகாரிகள் வருவதாக இருந்தால், அவர்களைக் காலையில் மேடைக்கு அழைக்காமல் கடைசி அமர்வுக்கு அழையுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களும் ஒரு தாளில் வரையட்டும். அதிபரிடம் "விழா வேண்டாம் சேர்" என்று சொன்னால் மனம் கோணும். "பிள்ளைகள் செய்ததைக் கடைசியில் எல்லோருக்கும் காட்டுவோம், விழாவை அங்கே வைப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். காட்ட ஒன்று இருக்கும்போது அந்த விழாவுக்கும் அர்த்தம் வரும்.

அடுத்தது நாள் குறிப்பது. ஒக்டோபர் என்றால் மாதத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் போகப் போக மழை பிடித்துக்கொள்ளும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்வருவது எவ்வளவோ எளிதாகிவிட்டது, ஆனாலும் உட்கிராமங்களில் வயலுக்கு நடுவே போகும் பாதைகள் ஒரு நாள் மழைக்கே தண்ணீருக்குள் போகும். மாற்று நாள் ஒன்றையும் இப்போதே பேசி வையுங்கள். இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ வந்திறங்கும் ஒருவரை அதே காலை 7.30க்குப் பிள்ளைகள் முன் நிறுத்த வேண்டாம். முதல் நாளே வரச் சொல்லி, மட்டக்களப்பு டவுனிலோ பக்கத்திலோ தங்க ஒழுங்கு செய்யுங்கள். சாப்பாட்டில் சைவமா, மச்சமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

இனிச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். ஓவியர் வருவதற்கு முந்திய இரண்டு, மூன்று வாரம்தான் உண்மையான வேலை. புத்தகத்தைப் பார்க்காத பிள்ளைகள் முன் ஓவியரை நிறுத்தினால், "உங்களுக்கு எத்தனை வயது?", "பிடித்த நிறம் எது?" என்பதற்கு மேல் கேள்வி வராது. புத்தகத்தோடு பழகிய பிள்ளை வேறு மாதிரிக் கேட்கும்.

ஒரு பிரதியை வைத்தே பழக்கலாம். ஒரு வகுப்பைத் தரையில் பாயில் நெருக்கமாக உட்காரவைத்து, எழுத்துள்ள பகுதியை ஒரு தாளால் மறைத்து, படங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வாசிக்க வேண்டாம். "என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த நாள் எழுத்தோடு வாசியுங்கள். வாசித்து முடித்து, "சொல்லில் இல்லாதது படத்தில் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, எழுத்தில் "அம்மம்மா சந்தைக்குப் போனா" என்று மட்டும் இருக்கும். படத்தில் அம்மம்மாவின் கூடைக்குப் பின்னால் ஒரு பூனை பதுங்கிப் போகும். கதை முழுவதும் அந்தப் பூனையைப் பற்றி ஒரு சொல்லும் இராது, ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் அது இருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைதான் பல நேரம் அந்தப் பூனையை முதலில் கண்டுபிடிக்கும். அந்த நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், டீச்சர். படப்புத்தகம் ஏன் வகுப்பறைக்குள் வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அட்டையில் எழுதியவர் பெயரை வாசிக்கும்போது வரைந்தவர் பெயரையும் சேர்த்து வாசிக்கப் பழக்குங்கள். நூலகத்தில் உள்ள மற்றப் புத்தகங்களிலும் அந்தப் பெயரைத் தேடவிடுங்கள். சிலவற்றில் வரைந்தவர் பெயர் உள்ளே மூலையில் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால் அது நல்ல கேள்வி, ஓவியருக்காக எடுத்து வையுங்கள். இப்படி வரும் கேள்விகளைத் தாள் துண்டுகளில் எழுதி, வகுப்புக்குப் பத்து அளவில் தெரிந்தெடுங்கள். யார் கேட்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள், எப்போதும் கையுயர்த்தும் அதே மூன்று பேராக இருக்கவேண்டாம்.

புத்தகம் போதாது என்று முழுப் புத்தகத்தையும் போட்டோகொப்பி எடுத்துப் பரப்பாதீர்கள். அது அவர் உழைப்பு. நான்கைந்து பக்கங்களை அனுப்ப முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். கூடுதலாக வாசிக்கப் புத்தகம் வேண்டுமென்றால், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்கள் பல இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வெளியிட்டவை. இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

அன்றைய நாளுக்கு வருவோம். 140 பேரையும் ஒன்றாக மண்டபத்தில் அடைக்கவேண்டாம். பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஓவியரின் தலை மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் பார்க்க வேண்டியது அவருடைய கை. தரம் 1, 2 ஓர் அமர்வு, தரம் 3, 4 ஓர் அமர்வு, தரம் 5 ஓர் அமர்வு. சின்னவர்களுக்கு 30 நிமிடம், மற்றவர்களுக்கு 50 நிமிடம். கீழ் வகுப்புகள் நேரத்தோடு கலைவதால் அவர்களை முதலில் எடுங்கள். ஒரே நாளில் நான்காவது அமர்வு வேண்டவே வேண்டாம், அவருடைய குரல் தாங்காது. நடுவில் அவர் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்க இருபது நிமிடம் விடுங்கள். அந்த இருபது நிமிடத்தில் செல்பி எடுக்க ஆசிரியர்கள் சூழ்ந்துகொள்ளாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரம் 5 பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் படிப்பு இருக்கிறது என்று சிலர் அவர்களை விட்டுவிடச் சொல்வார்கள். விடாதீர்கள். ஒரு கதையைப் படம் படமாகப் பிரித்து யோசிப்பதை முழுதாக விளங்கிக்கொள்ளும் வயது அவர்களுடையதுதான்.

மல்டிமீடியா இல்லை என்று கவலைப்பட வேண்டாம். அரைச்சுவர் வகுப்பறையில் பகல் வெளிச்சத்துக்கு அந்தத் திரை எப்படியும் மங்கித்தான் தெரியும். சுவரில் நான்கு டிமைத் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) ஒட்டுங்கள். தடித்த மார்க்கர் பேனைகள் வாங்கி, எழுதுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். காற்று அடித்தால் தாள் பறக்கும், நான்கு மூலைக்கும் நன்றாக டேப் வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். ஓவியருக்குப் பின்னால் திறந்த வெளி இருந்தால் பிள்ளைகளுக்கு நிழல் மட்டும் தெரியும். முந்திய பின்னேரம் நீங்களே பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

ஓவியரிடம் முன்கூட்டியே ஒன்று கேளுங்கள்: அச்சான புத்தகத்தோடு, அதற்கு முன் கிறுக்கியவை, வேண்டாமென்று விட்டவை, நிறம் பார்த்த துண்டுகள், கையால் தைத்த மாதிரிப் புத்தகம், இவற்றையும் எடுத்துவர முடியுமா? ஒரு பாத்திரத்தை அவர் எத்தனை முறை மாற்றி வரைந்தார் என்று கண்ணால் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரிய விடயம். "எனக்கு வரைய வராது" என்று சொல்லும் பிள்ளை, பெரியவருக்கும் முதல் தடவையில் வரவில்லை என்று காண்கிறது. படப்புத்தகங்களில் பல ஏன் 32 பக்கம் என்றும் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16 என்று தொகுதியாக வருவதால்தான் அப்படி. பிறகு பிள்ளைகள் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் பக்கம் எண்ணத் தொடங்குவார்கள். முகத்தை ஏன் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வரைவதில்லை என்பது இன்னொன்று. தையலுக்குள் மூக்கு போய்விடும்!

பிள்ளைகள் கையால் செய்ய ஒன்று வேண்டும். என் தெரிவு, ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் வரும். பிறகு குறுக்கே ஒரு முறை மடித்து, மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோடு வழியே ஒரு கட்ட நீளம் மட்டும் வெட்ட வேண்டும். விரித்து, நீளவாட்டில் மடித்து, இரண்டு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் வாய் திறக்கும். அப்படியே சுற்றி மடித்தால் புத்தகம். பசையும் வேண்டாம், ஸ்டேப்ளரும் வேண்டாம். சின்ன வகுப்புகளுக்கு நீங்கள் முன்பே மடித்து வெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அமர்வு முழுவதும் கத்திரிக்கோலோடு போய்விடும். அழித்து அழித்தே நேரம் போகாமல் இருக்க, அழிறப்பரையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

என்ன வரைவது என்பதில் ஒரு வேண்டுகோள். "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்றால் நம் பிள்ளைகள் என்ன வரைவார்கள் தெரியும்தானே? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை. மட்டக்களப்புக் கரையில் நின்றால் மலைக்கு நடுவில் எங்கே சூரியன் வருகிறது? கடலில் இருந்து எழும்பி வருகிறது. உங்கள் ஊரில் அது வாவிக்கு அந்தப் பக்கம் தெரியும். அந்த மலைகள் கரும்பலகையில் இருந்து பார்த்தெழுதி வந்தவை. "உங்கட வீட்டு வாசல்ல நின்றா என்ன தெரியும்?" என்று ஓவியரைக் கேட்கச் சொல்லுங்கள். வயலும் வாடியும், தோணியும், யானை வேலியும், கூத்துக்குக் கட்டிய களரியும், அப்பாவின் மோட்டார் சைக்கிளும் வரும். அந்த நேரம் ஆசிரியர்கள் வரிசையில் நடந்து "இதை இப்பிடிக் கீறு" என்று திருத்தவேண்டாம். போட்டியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் கிடைப்பது தோல்விதான்.

பணம். கேட்கக் கூச்சப்படுவோம், ஆனால் முதல் தொலைபேசி அழைப்பிலேயே பேசவேண்டிய விடயம் இது. ஓவியருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை. உங்களிடம் வரும் நாளோடு, வந்துபோகும் நாட்களும் அவருக்கு வேலையில்லாத நாட்கள். "உங்கள் கட்டணம் என்ன?" என்று நேராகக் கேளுங்கள். கொடுக்க முடியாவிட்டால், "பயணமும் தங்குமிடமும் சாப்பாடும் நாங்கள் பார்ப்போம், அதற்கு மேல் இவ்வளவுதான் எங்களால் முடியும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் நல்லது. மறுத்தாலும் அது அவர் உரிமை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பணம் என்றால் கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதவேண்டும், ஆகவே இந்த மாதமே அதிபரிடம் சொல்லுங்கள். பணத்தைக் கடித உறையில் போட்டு, அவர் புறப்படுவதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள். நினைவுச் சின்னத்துக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கிய காசு இருந்தால், அதில் அவருடைய புத்தகங்களை வாங்கி நூலகத்துக்கு வையுங்கள். அவருக்கும் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. வந்த இடத்தில் "சுவரிலயும் ஒரு படம் கீறித் தாங்க" என்று கேட்பது மட்டும் வேண்டாம். சுவரோவியம் தனி வேலை, தனிக் கூலி.

அவர் புத்தகம் விற்பதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே பெற்றோருக்கு அறிவித்தல் அனுப்புங்கள், கட்டாயமில்லை என்று தெளிவாக எழுதுங்கள். வாங்க முடியாத பிள்ளைகள் கையெழுத்து வாங்கும் வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஒரு சிறிய அட்டையில் அவரை ஒரு படம் வரைந்து கையெழுத்திடச் சொல்லி, அதைப் பிரதியெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாம்.

பாதுகாப்பு விடயம் சுருக்கமாக: வகுப்பாசிரியர் அமர்வு முழுவதும் வகுப்பிலேயே இருக்கவேண்டும். வெளியார் யாரானாலும், எவ்வளவு நல்லவரானாலும், பிள்ளைகளோடு தனியே விடுவதில்லை. படம் எடுக்கவும் முகநூலில் போடவும் பெற்றோரிடம் முன்பே எழுத்தில் கேளுங்கள், பெயரோடு முகத்தைப் போடாதீர்கள்.

அவர் போன பிறகு, பிள்ளைகள் செய்த எட்டுப் பக்கப் புத்தகங்களை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு மாதம் வாசிப்பு மூலையில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகள் எடுத்து வாசிக்கட்டும். ஓவியருக்குப் பிள்ளைகள் கடிதம் எழுதட்டும். "வந்ததற்கு நன்றி" என்று எல்லோரும் ஒரே வசனம் எழுதாமல், புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பற்றி ஆளுக்கொன்று.

அடுத்த தவணைக்கும் யாரையாவது அழைக்க நினைத்தால் கொழும்புவரை போகத் தேவையில்லை. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதிபர் மூலம் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். முதலில் தரம் 3க்கு மட்டும், ஒரு காலைப்பொழுது வைத்துப் பார்க்கலாம்.