முட்டிக்கு இடம் விட டேங்கை வெட்டலாமா?

கேள்வி: என் 1994 ஆர்.எக்ஸ்.100 பைக்கை கஃபே ரேசராக (குனிந்து ஓட்டும் பழைய ரேஸ் பைக் பாணியில்) மாற்றுகிறேன். முட்டி படும் இடத்தில் பெட்ரோல் டேங்க் இருபக்கமும் குழிவாக வேண்டும். தெரிந்த ஒருவர், டேங்க், பெயின்ட், ஆர்.சி.யில் ஏற்றுவது எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்கிறார். வெல்டிங் வைக்கும்போது வெடிக்குமோ என்பதுதான் பயம்.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பயம் நியாயமானதுதான், தம்பி. நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க்தான் ஆபத்து. எரிவது பெட்ரோல் ஆவி. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். மடிப்பிலும் துருவுக்கு அடியிலும் ஒட்டியிருப்பதே அதற்குப் போதும். "ஒரு வாரம் வெயிலில் காய வைத்தாச்சு" என்று சொல்லும் பட்டறையில் நிற்காதீர்கள். பெட்ரோல் திறந்து மூடும் காக், மூடி எல்லாம் கழற்றி, சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் பல முறை அலச வேண்டும். வேலை நடக்கும் பக்கம் மேலே வரும்படி சாய்த்து, அதற்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, ஆவி போக ஒரு துளையைத் திறந்து வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து தட்டியே குழி விழ வைக்கிறேன் என்பார்கள். அடி தாங்க உள்ளே டாலி (இரும்புக் கட்டை) பிடிக்கக் கை போகாது. தகடு இழுபட்டு, விரலால் அமுக்கினால் டொக் டொக் என்று உள்ளே போய் வெளியே வரும். எனவே பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, புது ஷீட்டை மணல் மூட்டை மேல் மரச் சுத்தியால் தட்டிக் குழித்து, அங்குலத்துக்கு ஒரு வெல்டிங் பொட்டு வைத்து, ஆற விட்டு ஆற விட்டுப் பற்ற வைக்க வேண்டும். ஒரே ஓட்டமாக வைத்தால் தகடு நெளியும். நெளிசலை மறைக்க மேலே பூசுவதுதான் பட்டி என்கிற பசை.

சென்ற வருடம் ஒரு டேங்க் என்னிடம் வந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி. காந்தத்தை வைத்தேன், வழுக்கி விழுந்தது. சுரண்டினால் சுண்டுவிரல் தடிமனுக்குப் பட்டி, அடியில் ஊசித் துளைகள். ஆகவே பெயின்டுக்கு முன்பே, வெறும் தகடாக இருக்கும் அன்றைக்கே போய்ப் பாருங்கள். காசிமேட்டுக் கடல் காற்றில் தள்ளிப்போட்டால் துரு வந்துவிடும். கசிவு பார்க்க, சோப்பு நுரை தடவி சைக்கிள் பம்பால் இரண்டு, மூன்று பி.எஸ்.ஐ. மட்டும் ஊதுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் வேண்டாம், டேங்க் பலூனாகிவிடும்.

அப்புறம் அந்த 'ஒரே தொகை'. ஆர்.சி.யில் டேங்க் வடிவத்துக்குக் கட்டமே கிடையாது, எதை ஏற்றப்போகிறார்? இருப்பது நிறம். அது மாறினால் பதிய வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நீங்களே போகலாம். ஒரு நிறத்துக்காக மூன்று நாள் பட்டறையை மூடிவிட்டு அலைந்தவன் நான். அந்த அலைச்சலில்தான் புரோக்கர் பிழைக்கிறார். அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. போலீஸ் மடக்கும்போது அவர் வந்து நிற்க மாட்டார்.

இவ்வளவும் கார்புரேட்டர் வண்டிக்கு. உங்களைப் பார்த்து நண்பர் தன் பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியைக் கொண்டுவந்தால் விரட்டிவிடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன். பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அது உட்காரும் வளையம் வெல்டிங் சூட்டில் துளி கோணினாலும் ரப்பர் சீல் பிடிக்காது, கசியும் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் சொட்டும். உள்ளே தங்கும் பொடி பம்பை அடைத்துவிடும். பம்பைக் கழற்றிவிட்டுச் செய்தாலும் வளையம் வளையம்தான்.

இன்னொன்று, உங்கள் ஒரிஜினல் டேங்கைத் தொடாதீர்கள். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் ஒடுக்கு விழுந்த ஒன்றைத் தேடிப் பிடித்து அதை வெட்டுங்கள்.