மாமியார் இமையில் மறுபடி மறுபடி வரும் கட்டி

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. மேல் இமையில் வந்த கட்டியைக் கண்கட்டி என்று சொல்லி இரண்டு முறை கீறிவிட்டார்கள். அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. சதையெடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கண்ணில் புற்றுநோய் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே வரும்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பிள்ளைகளுக்கு வரும் என்பது சரி. அவர்களுக்கு மட்டும்தான் என்பது சரியில்லை. நீங்கள் கேள்விப்பட்டது ரெட்டினோபிளாஸ்டோமாவாக இருக்கும். விழித்திரையில் வரும், பெரும்பாலும் 5 வயதுக்குள். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ, புதிதாக மாறுகண் வந்தாலோ அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

நடுவயதைத் தாண்டினால் கதை வேறு. இணையத்தில் தேடினால் விழிக்குள் வரும் மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோய்தான் முதலில் வந்து பயமுறுத்தும். அது வெள்ளைக்காரர்களிடம் அதிகம், நம்மிடம் அபூர்வம். மார்பகத்திலோ நுரையீரலிலோ உள்ள புற்றுநோய் கண்ணுக்குள் பரவுவதும் இந்த வயதில்தான்.

உங்கள் மாமியார் விஷயம் இமையில். இமைக்குள் எண்ணெய் சுரக்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் சாதாரணக் கட்டி. அதே சுரப்பியில் புற்றுநோயும் வரலாம். மேலை நாடுகளைவிட ஆசியாவில் இமைப் புற்றுநோய்களில் இதன் பங்கு அதிகம். பார்த்தால் அச்சு அசல் கண்கட்டி மாதிரியே இருக்கும், அதுதான் தொல்லை. 25 வயதுப் பையனுக்கு இரண்டு முறை வந்தால் நான்கூட அவ்வளவு யோசிக்க மாட்டேன். 67 வயதில், அதே இடத்தில், மூன்றாவது முறை என்றால் கட்டாயம் சதையெடுத்துப் பார்ப்பேன். அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்திருக்கிறதா, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்தே இருக்கிறதா என்று கவனியுங்கள்.

நாமக்கட்டி இழைத்துப் போட்டது போதும். 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்குதான் எடுப்பார்கள். புற்றுநோயாக இருந்து தள்ளிப்போட்டால்தான் காதின் முன்பக்கமும் கழுத்திலும் உள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவும்.

முன்பு கீறியபோது எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று அந்த கிளினிக்கில் கேளுங்கள். அப்புறம், கடந்த சில வருடங்களில் உறவுக்காரர் கல்யாணங்களில் எடுத்த, மாமியார் முகம் தெளிவாகத் தெரியும் இரண்டு மூன்று படங்களையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். கட்டி எப்போது தலைகாட்டியது, இமைமுடி எப்போது குறைந்தது என்று அதில் தெரிந்துவிடும்.