அலுமினா நிஜமாவே குறைஞ்சுதா?

கேள்வி: சார், மாறாத பாறை ஒண்ணு, பக்கத்துலயே வெந்நீர் ஊடுருவி மாறிப்போன பாறை ஒண்ணு, ரெண்டையும் லேப்ல அனலைஸ் பண்ணோம். அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) 15 சதவீதத்துலருந்து 12 ஆயிடுச்சு, சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) 60லருந்து 68. அப்போ 100 கிராம் பாறையில 3 கிராம் அலுமினா போச்சு, 8 கிராம் சிலிக்கா வந்துச்சுன்னு எழுதலாமா?
– புவியியல் மாணவி

பதில்: அவசரப்பட்டு எழுதிடாதீங்கம்மா. சதவீதம்னா மொத்தம் 100 ஆகியே தீரணும், அதனால வெளியிலருந்து சிலிக்கா வந்து சேந்தா மத்ததெல்லாம் இருந்த இடத்துலயே இருந்தாலும் ரிப்போர்ட்ல குறைஞ்ச மாதிரிதான் தெரியும். இந்தச் சிக்கலுக்கு 1967ல கிரெசென்ஸ்ங்கிற புவியியலாளர் ஒரு சமன்பாடு குடுத்தார், 1986ல கிராண்ட்ங்கிற இன்னொருத்தர் அதையே கிராஃபா போட்டுக் காட்டினார், ஐசோகான் வரைபடம்னு பேரு.

எக்ஸ் அச்சுல பழைய பாறையோட அளவு, ஒய் அச்சுல மாறின பாறையோட அளவு. டைட்டானியம், சிர்கோனியம் மாதிரி சுலபத்துல நகராத ஆளுங்களப் பாருங்க. உங்க டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) 1 சதவீதத்துலருந்து 0.8, சிர்கோனியம் 150 பிபிஎம்லருந்து (பத்து லட்சத்துல 150 பங்கு) 120ன்னு வந்திருந்தா, அலுமினாவும் சேந்து மூணும் பூஜ்யத்துலருந்து கிளம்புற ஒரே கோட்டுல உக்காரும், சாய்வு 0.8. அதாவது அலுமினா எங்கயும் போகல, 100 கிராம் பாறைதான் 125 கிராம் (100ஐ 0.8ஆல வகுத்தது) ஆயிருக்கு. இப்ப 68ஐ 0.8ஆல வகுங்க, 85 வருது, சிலிக்கா வந்தது 8 இல்ல, 25 கிராம்! கோட்டுக்கு மேல நிக்கிறது வரவு, கீழ நிக்கிறது செலவு, அவ்ளோதான். (கன அளவு எவ்ளோ மாறுச்சுன்னு சொல்லணும்னா அடர்த்தியும் அளக்கணும்.)

ஒரே கிராஃப்ல 60ம் 0.8ம் அடங்காதுன்னு ஒவ்வொண்ணையும் ஏதாவது எண்ணால பெருக்கிப் போடுவாங்க, ரெண்டு அச்சுலயும் ஒரே எண்ணுன்னா விகிதம் மாறாது, ஆனா தூரத்துல போய் நிக்கிற புள்ளிதான் கண்ண இழுக்கும், சாஃப்ட்வேர் போடுற நேர்கோட்டையும் இழுக்கும். அதனால எல்லாப் புள்ளிக்கும் நடுவுல கோடு போடுற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அசையாததுன்னு வேற ஆதாரம் இருக்கிறத மட்டும் வச்சுப் போடுங்க. கடுமையான அமில நீர் ஓடின இடத்துல அலுமினியமே கரையும், அங்க அத நம்ப முடியாது.

இன்னொண்ணு, அந்த மாறாத பாறை நிஜமாவே இதோட மூலப்பாறைதானான்னு மைக்ரோஸ்கோப்புல பாத்தீங்களா? ஒரே சாம்பிள்தான் எடுத்திருந்தா இன்னும் ரெண்டு மூணு எடுத்துட்டு அப்புறம் கோடு போடுங்க.