பிசுக்கு ஏறிய டக்ட்டுக்கு என்ன விலை சொல்வது? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஓட்டல் சமையலறை எக்ஸாஸ்ட் பற்றியவை. அதிலும், வருஷக்கணக்கில் யாரும் கை வைக்காத டக்ட்டை (அடுப்புப் புகையை வெளியே கொண்டுபோகும் தகரக் குழாய்) சுத்தம் செய்ய விலை போடுவது பற்றி. அதனால் அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பரோட்டாவும் சிக்கன் ஃப்ரையும் போடுகிற ஒரு கடை. 2 அடிக்கு 2 அடி டக்ட், நீளம் 10 மீட்டர். சதுர அடிக்கு 40 ரூபாய் பேசினேன். நாலு பேர் இரண்டு ராத்திரி வேலை பார்த்தோம். கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தவறு? (கோவை வாசகர்)

சதுர அடிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்கிற டக்ட்டுக்குச் சரியாக வரும். உங்கள் வேலைக்கு வராது. உங்கள் டக்ட்டின் உள்பரப்பு சுமார் 24 சதுர மீட்டர், அதாவது 258 சதுர அடி. அதில் சராசரியாக 3 மில்லிமீட்டர் பிசுக்கு இருந்தாலே 72 லிட்டர் ஆகிறது. எடை ஏறக்குறைய 65 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் கனமான பிசுக்கைச் சுரண்டி, இறக்கி, மூட்டை கட்டி வெளியே கொண்டுபோயிருக்கிறீர்கள். இதெல்லாம் சதுர அடியில் தெரியாது.

அந்தப் பிசுக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஹூட்டுக்கு, அதாவது அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் கூண்டுக்கு, பக்கத்தில் வழவழவென்று இருப்பது சூடான தண்ணீருக்கே இளகிவிடும். வருஷக்கணக்கில் சூட்டிலும் காற்றிலும் கிடந்தது இறுகிப்போயிருக்கும். வடைச்சட்டியின் வெளிப்புறம் கறுப்பாகப் பக்கு ஏறுமே, அதே சங்கதிதான். எண்ணெய் காற்றோடு சேர்ந்து வார்னிஷ் மாதிரி ஆகிவிடுகிறது. அதற்குப் பிசுக்கைக் கரைக்கும் மருந்து மட்டும் போதாது, சுரண்டி எடுக்க வேண்டும்.

ஆகவே விலையை நேரத்திலிருந்து தொடங்குங்கள். பார்க்கப் போகும்போதே ஒரு மூடியைத் திறந்து, மோசமான இடத்தில் ஒரு சதுர அடியைச் சுரண்டி, கடிகாரம் பாருங்கள். 10 நிமிடம் ஆனது என்றால் 258 சதுர அடிக்கு 43 மணி நேரம். ஹூட், ஃபில்டர், ப்ளோயர் (புகையை இழுக்கும் விசிறி), அடுப்பை மூடுவது, கடைசியில் தரையைக் கழுவுவது என்று இன்னொரு 13 மணி. மொத்தம் 56 ஆள்-மணி. நாலு பேருக்கு இரண்டு ராத்திரி. உங்களுக்கு நடந்ததும் அதுதானே?

இப்போது பணம். ராத்திரிக் கூலி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு மணிக்கு 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி மட்டும் 10,080. நீங்கள் வாங்கியது 258 பெருக்கல் 40, அதாவது 10,320 ரூபாய். மருந்து, பிளேடு, கையுறை, பாலித்தீன் ஷீட், வண்டி, கழிவு அப்புறப்படுத்துவது என்று இன்னொரு 7,000 சேர்த்தால் அடக்கச் செலவு 17,080. அதன்மேல் அலுவலகச் செலவுக்கும் லாபத்துக்கும் 40 சதவீதம் வைத்தால் 24,000-க்குக் கொஞ்சம் குறைய வரும். இந்தத் தொகைகள் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுப் பாருங்கள். போடும் வரிசை மட்டும் மாறாது.

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "ரேட் சொல்லுங்க" என்கிறார்கள். சொல்லலாமா? (மதுரை வாசகர்)

சொல்லாதீர்கள். போட்டோவில் வருவது ஹூட் மட்டும். அதைக் கடைப் பையன்கள் தினமும் துடைத்து வைத்திருப்பார்கள். முதல் வளைவுக்கு அப்பால் இருப்பதுதான் உங்கள் வேலை. நேரில் போய்ப் பார்க்க ஒரு தொகை வாங்குங்கள். வேலை கிடைத்தால் பில்லில் கழித்துவிடலாம்.

நான் ஓட்டல் நடத்துகிறேன். ஒருவர் 12,000 கேட்கிறார், இன்னொருவர் 30,000. இவ்வளவு வித்தியாசம் ஏன்? (திருச்சி வாசகர்)

இரண்டு பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். 12,000 சொன்னவரிடம் டக்ட்டின் உள்ளே முழு நீளமும் சுரண்டுவாரா, மாடியில் இருக்கும் ப்ளோயரைத் திறப்பாரா, முன்னும் பின்னும் உள்ளே எடுத்த போட்டோ தருவாரா என்று கேளுங்கள். ஹூட்டைப் பளபளப்பாக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். உங்களுக்கு ஆபத்து கண்ணில் படுகிற இடத்தில் இல்லை. கடாயில் பிடித்த தீ ஹூட்டுக்குள் ஏறினால், உள்ளே இருக்கும் பிசுக்குதான் அதற்கு எரிபொருள். ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தால் தீயை அதுவே மேலே இழுத்துக்கொண்டு போகும். மேல்மாடியில் உங்கள் ஆட்கள் தூங்குகிறார்களா? அப்படியானால் இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. எட்ட முடியாத, சுத்தம் செய்யாத இடங்களை எழுத்தில் தர வேண்டும் என்று சமையலறை எக்ஸாஸ்ட்டின் தீப் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 96 தரநிலை சொல்கிறது. அதை இங்கேயும் கேட்டு வாங்குங்கள். கேட்டதும் யார் தயங்குகிறார் என்று பாருங்கள்.

டக்ட்டில் திறக்க வழியே இல்லை. மூடி வெட்டி வைக்கும் செலவு யாருடையது? (சேலம் வாசகர்)

கடைக்காரருடையது. கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். கிடைமட்டமாக ஓடும் டக்ட்டில் 12 அடிக்கு ஒன்று, திசை மாறும் இடத்தில் ஒன்று இருந்தால் உள்ளே கை எட்டும். அடிப்பக்கத்தில் வெட்டாதீர்கள், பிசுக்கு வழிந்து ஃபால்ஸ் சீலிங்கில் இறங்கும். பக்கவாட்டில் வெட்டி, சூடு தாங்கும் கேஸ்கெட் வையுங்கள். வெட்டச் சம்மதிக்கவில்லை என்றால் எட்டும் தூரத்துக்கு மட்டும் விலை, அதுவும் எழுத்தில். உள்ளே பிசுக்கு இருக்கும்போது கிரைண்டர் போடக் கூடாது, தீப்பொறி போதும். வெட்டும் இடத்தை முதலில் சுரண்டிவிட்டு, பொறி வராத கத்தரியால் வெட்டுங்கள்.

"இந்தத் தடவை குறைச்சுப் பண்ணுங்க, வருஷம் பூரா வேலை உங்களுக்குத்தான்" என்கிறார்கள். குறைக்கலாமா? (ஈரோடு வாசகர்)

முதல் தடவையில் குறைக்காதீர்கள். கஷ்டமான வேலை அதுதான். இரண்டு விலையாக எழுதுங்கள்: முதல் சுத்தத்துக்கு ஒன்று, அப்புறம் தவணை தவறாமல் கூப்பிட்டால் அதைவிடக் குறைந்த ஒன்று. தவணை தவறினால் மறுபடி நேரில் பார்த்துத்தான் விலை.

தவணையையும் சமையலைப் பார்த்து வையுங்கள். என்.எஃப்.பி.ஏ. 96 கரி, விறகு அடுப்புக்கு மாதம் ஒரு முறை சோதனை கேட்கிறது. 24 மணி நேரக் கடை, வாக் (சைனீஸ் கடாய்) சமையல் போன்றவற்றுக்கு மூன்று மாதம். நடுத்தரப் பயன்பாட்டுக்கு ஆறு மாதம். தந்தூரி அடுப்பும் சைனீஸ் அடுப்பும் ஒரே டக்ட்டில் சேரும் கடையை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்தால், ஒவ்வொரு முறையும் முதல் சுத்தம் மாதிரிதான் இருக்கும்.

ஃபில்டரைக் காஸ்டிக் சோடாவில் போட்டதும் கறுத்துவிட்டது. கடைக்காரர் புது ஃபில்டர் கேட்கிறார். (வேலூர் வாசகர்)

வாங்கிக் கொடுங்கள். அது அலுமினியம், காஸ்டிக் அதை அரிக்கும், கூடவே எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வரும். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு கடையின் எட்டு ஃபில்டரை இப்படிக் கெடுத்து, என் காசில் மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து முதலில் காந்தம் வைத்துப் பார்க்கிறேன். ஒட்டினால் அலுமினியம் இல்லை. சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டாது என்பதால், ஒட்டாத எதையும் ஒரு மூலையில் சோதிக்காமல் மருந்தில் போடுவதில்லை.

18 சதவீத ஜிஎஸ்டி என்றதும் ஓட்டல்காரர் முகம் மாறுகிறது. என்ன செய்வது? (சென்னை வாசகர்)

அவருக்கு அது நிஜமான செலவு. 5 சதவீத ஜிஎஸ்டியில் இருக்கும் ஓட்டல், உங்களுக்குக் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் வரி சேர்த்த மொத்தத்தை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். பில் கொடுக்கும் அன்று அவருக்குப் புதிதாக ஒரு தொகை தெரியக் கூடாது.